பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு ஒரு திருத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். என்னிடம் 1993-ல் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் படித்தவர்கள் மட்டும் நேரம் இல்லாவிட்டாலும் படிக்க வேண்டும். உங்களுக்கு நான் ஒரு பாடத்தைத் தப்பாக நடத்தியிருக்கிறேன்.

போன வாரம் அந்த வகுப்பில் படித்த ஒருவர் வாட்சப்பில் ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். மேலே நடிகர் திலகத்தின் படம். கீழே, 'பராசக்திக்குக் கொடுத்தார்களா? கட்டபொம்மனுக்குக் கொடுத்தார்களா? பாசமலருக்கு? கர்ணனுக்கு? தமிழன் என்பதால் தேசிய விருதை மறுத்த டெல்லி!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதோடு அவர் தன் பங்குக்கு ஒரு வரி எழுதியிருந்தார்: "நீங்க அன்னைக்கு வகுப்புல சொன்னதேதான் சார். அப்படியே ஞாபகம் இருக்கு."

வரலாறு நடத்திய வாத்தியாருக்கு இதைவிடச் சந்தோஷம் உண்டா? அசோகர் கல்வெட்டு மறந்து போகும், பானிபட் போர் மறந்து போகும், இது மட்டும் முப்பது வருஷமாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தோஷம் அன்று ராத்திரி வரைக்கும்தான் நிலைத்தது. பதில் எழுதுவதற்கு முன் ஆண்டுகளை ஒரு தரம் சரிபார்த்துக்கொள்வோம் என்று ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன். இடப்பக்கம் சிவாஜியின் படங்கள், வலப்பக்கம் தேசிய விருதுகள். எழுத எழுத எனக்கு வியர்த்துவிட்டது.

அந்த வகுப்பில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1992-ல் வந்த படங்களுக்கான தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டிருந்த சமயம். 'ரோஜா'வுக்காக ரஹ்மான் என்ற சின்னப் பையனுக்குச் சிறந்த இசையமைப்பாளர் விருது. 'தேவர் மகன்' சிறந்த தமிழ்ப் படம். அதில் நடித்த சிவாஜிக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். ஒரு மாணவன் எழுந்து, "சார், சிறப்பு விருதுன்னா சிறந்த நடிகர் விருது இல்லையா? அவருக்கு இத்தனை வருஷமா அதைக் குடுக்கவே இல்லையா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு இருபது நிமிஷம் பேசினேன். அரசியல், டெல்லி, வடக்கு தெற்கு என்று எல்லாம் வந்தது. பெல் அடித்தும் பையன்கள் எழுந்திருக்கவில்லை.

நான் பேசியது என் அப்பாவின் பேச்சு. அவர் மதுரையில் ஹார்வி மில் தொழிலாளி. 1952 தீபாவளிக்குத் தங்கம் தியேட்டரில் 'பராசக்தி' பார்த்துவிட்டு வந்தவர், அதற்கப்புறம் வேறு யாரையும் நடிகராகவே ஒத்துக்கொள்ளவில்லை. "டெல்லிக்காரனுக்குக் கண்ணு இருந்தாத்தானடா தெரியும்" என்பார். 1972-ல் 'ரிக்‌ஷாக்கார'னுக்காக எம்.ஜி.ஆருக்குப் பாரத் விருது என்று பேப்பரில் வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா ராத்திரி சாப்பிடவும் இல்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது. சத்தியமாக ஒரு கொலை நடந்த வீடு போல இருந்தது. அந்த ராத்திரியைத்தான் இருபத்தொரு வருஷம் கழித்து உங்கள் வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

இப்போது திருத்தத்துக்கு வருகிறேன்.

இந்த விருது 1954-ல் தொடங்கியது. முந்தைய ஆண்டு, அதாவது 1953-ல் தணிக்கைச் சான்று பெற்ற படங்களுக்கு. (நானும் 1954-ல் பிறந்தவன்தான். எங்கள் இருவருக்கும் ஒரே வயசு.) முதலில் அதற்குத் 'தேசிய விருது' என்று பெயர் இல்லை. திரைப்படங்களுக்கான அரசு விருதுகள் என்றுதான் சொன்னார்கள். 'பராசக்தி' வந்ததோ 1952-ல். ஆகவே பட்டியலின் முதல் படமே அடிபட்டுப் போகிறது. அதற்கு விருது மறுக்கப்படவில்லை. விருது என்ற ஒன்றே அப்போது கிடையாது.

அந்தக் காலத்து அரசாங்கம் சினிமாவை எப்படிப் பார்த்தது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். சினிமாவின் நிலையை ஆராய 1949-ல் எஸ்.கே. பாட்டீல் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1951-ல் அறிக்கை வந்தது. படம் எடுக்கக் கடன் கொடுக்க ஒரு நிதிக் கழகம், கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சி நிறுவனம் என்றெல்லாம் அதில் சொல்லியிருந்தார்கள். இரண்டும் வந்து சேர 1960 ஆகிவிட்டது. இடையில் 1952-ல் ஒளிப்பதிவுச் சட்டம் வந்தது. கேளிக்கை வரி ஏற்கெனவே இருந்தது. அதே 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டையே விரட்டிவிட்டார். நம் ஜனங்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள், அது வேறு கதை. அந்த ஓரிரு வருஷங்களில் சங்கீத நாடக அகாதமி, சாகித்திய அகாதமி, லலித் கலா அகாதமி, பாரத ரத்னா, பத்ம விருதுகள் என்று எல்லாம் வரிசையாக வந்தன. சங்கீதத்துக்கு ஓர் அகாதமி, இலக்கியத்துக்கு ஓர் அகாதமி, ஓவியத்துக்கு ஓர் அகாதமி. சினிமாவுக்கு மட்டும் அகாதமி இல்லை, அமைச்சகத்தின் கையால் ஒரு பதக்கம்.

வீட்டில் அடங்காத பிள்ளைக்கு, நல்ல மார்க் வாங்கினால் மட்டும் ஒரு பேனா வாங்கித் தருவோம் இல்லையா, அந்த மாதிரி. ஆகவே படம்தான் கணக்கு. நடித்தவர், பாடியவர், எழுதியவர் யாரும் கணக்கில் இல்லை. முதல் வருஷம் ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் 'சியாம்சி ஆயி' என்ற மராத்திப் படத்துக்கு. சானே குருஜி எழுதியதை ஆச்சார்ய அத்ரே படமாக எடுத்தார். ஒரு தாய் மகனை வளர்க்கிற கதை. அரசாங்கம் எதிர்பார்த்த படிப்பினை அதில் முழுசாக இருந்தது. ஆவணப்படத்துக்கான தங்கப் பதக்கம் எதற்கு என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 'மகாபலிபுரம்'! ஜகத் முராரி இயக்கி ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படம். ஆக, முதல் வருஷமே பதக்கத்தோடு திரும்பியவை நம் ஊர்க் கல் சிற்பங்கள்.

இரண்டாம் வருஷம்தான் எனக்கு மிகவும் பிடித்த வருஷம். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் என்று வைத்தார்கள். தமிழில் 'மலைக்கள்ளன்', மலையாளத்தில் 'நீலக்குயில்', கன்னடத்தில் 'பேடர கண்ணப்பா', தெலுங்கில் 'பெத்தமனுஷுலு'. மொழிவாரி மாநிலங்கள் வந்தது 1956 நவம்பர் 1-ல். அதற்கு முன்பே சினிமாவுக்கு மொழிவாரி எல்லை போட்டுவிட்டார்கள் என்பதை இத்தனை வருஷம் சரித்திரம் நடத்தியும் நான் கவனித்ததில்லை. 'மலைக்கள்ளன்' நாமக்கல் கவிஞர் எழுதிய நாவல். கலைஞர் வசனம். கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தது. நாயகன் எம்.ஜி.ஆர்., நாயகி பானுமதி. அந்த வருஷமே சிவாஜி நடித்த 'அந்த நா'ளுக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. பாட்டே இல்லாத தமிழ்ப் படம், எஸ். பாலசந்தர் இயக்கியது. பானுமதிக்கும் பதக்கம் இல்லை, எம்.ஜி.ஆருக்கும் இல்லை, சிவாஜிக்கும் இல்லை. எந்த மொழியில் எந்த நடிகருக்கும் இல்லை.

இதுதான் அந்தத் தாளில் என்னை வியர்க்க வைத்த விஷயம். சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்ற விருதுகள் 1967-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலில் கொடுக்கப்பட்டன. அப்போதுதான் சிறந்த இயக்குநர், சிறந்த இசையமைப்பாளர் விருதுகளும் வந்தன. நடிகருக்குப் பாரத் விருது, நடிகைக்கு ஊர்வசி விருது என்று பெயர். முதல் பாரத், வங்காளத்தின் உத்தம் குமார். முதல் ஊர்வசி, நர்கிஸ். முதல் சிறந்த இயக்குநர், சத்யஜித் ராய். முதல் சிறந்த இசையமைப்பாளர் யார் தெரியுமா? நம் திரை இசைத் திலகம் கே.வி. மகாதேவன், 'கந்தன் கருணை'க்காக. அடுத்த வருஷம் பாடகிக்கு விருது வந்தபோது முதலில் வாங்கியவர் பி. சுசீலா, 'உயர்ந்த மனிதன்' படத்துக்காக. அதே வருஷம் பாடலாசிரியர் விருது கண்ணதாசனுக்கு, 'குழந்தைக்காக'. அதற்கும் அடுத்த வருஷம் 'துணைவன்' படத்தில் பாடிய கே.பி. சுந்தராம்பாள். தமிழன் என்பதால் மறுத்த டெல்லி என்று நான் வகுப்பில் முழங்கினேனே, அந்த டெல்லி செய்த வேலைகள் இவை.

இப்போது அந்த வாட்சப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959. 'பாசமலர்', 'கப்பலோட்டிய தமிழன்' 1961. 'கர்ணன்' 1964. 'திருவிளையாடல்' 1965. எல்லாம் நடிகருக்கு விருது வருவதற்கு முந்தியவை. 'கப்பலோட்டிய தமிழ'னுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. வ.உ.சி.யாக வாழ்ந்தவருக்குத் தனியே கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை. திலீப் குமாரின் 'தேவதாஸ்' காலத்துக்கும் இல்லை, ராஜ் கபூரின் 'ஆவாரா' காலத்துக்கும் இல்லை. அநியாயம் என்றால் எல்லாருக்கும் பொதுவான அநியாயம்.

இன்னொன்று. துணை நடிகர், துணை நடிகை விருதுகள் வந்தது 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். பாலையா, எஸ்.வி. ரங்காராவ், எம்.ஆர். ராதா ஆகியோரின் காலம் அதற்குள் முடிந்துபோயிற்று. 'திருவிளையாடல்' தருமியை நினைத்துப் பாருங்கள். அந்த நாகேஷுக்கு 'நம்மவர்' படத்துக்காக 1994-ஆம் ஆண்டுக்கான துணை நடிகர் விருது கிடைத்தது. தருமிக்கும் பரிசுக்கும் நடுவே இருபத்தொன்பது வருஷம்! சாவித்திரியின் பெரிய படங்கள் எல்லாம் ஊர்வசி விருது பிறப்பதற்கு முன்பே வந்து போய்விட்டன. எம்.எஸ். விஸ்வநாதனுக்குக் கிடைக்காமல் போனது மட்டும் வேறு கணக்கு. இசைக்கு விருது இருந்தது, அவரும் இருந்தார், பாட்டும் இருந்தது. அதைத் தனியே ஒரு நாள் எழுதுகிறேன். இப்போது ஆரம்பித்தால் ரத்த அழுத்தம் ஏறும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சரி, 1967-க்கு அப்புறம்?

'தில்லானா மோகனாம்பாள்' 1968-ல் வந்தது. சிறந்த தமிழ்ப் படம் என்று பதக்கம் வாங்கியது. அதே வருஷம் 'உயர்ந்த மனிதன்', சிவாஜிக்கு 125-ஆவது படம். அந்த வருஷத்துச் சிறந்த நடிகர் அசோக் குமார், 'ஆசீர்வாத்' என்ற இந்திப் படத்துக்காக. 1969-ல் 'தெய்வ மகன்', மூன்று வேஷம். ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பாக அனுப்பப்பட்ட படம். அந்த வருஷ விருது மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' படத்தில் நடித்த உத்பல் தத்துக்கு.

அந்த உத்பல் தத் யார் என்று எனக்குப் பல வருஷம் தெரியாது. எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனில் பிற மொழிப் படங்கள் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? விருது வாங்கிய படங்களாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பஞ்சாயத்து டிவி முன்னால் கூட்டமே இருக்காது. அடியில் ஓடுகிற ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரிந்த வாத்தியார்கள் நாலு பேர் இருப்போம். தொலைக்காட்சி என்ற ஒன்று இல்லாவிட்டால் அந்தப் படங்களை நான் செத்தாலும் பார்த்திருக்க மாட்டேன். அப்படித்தான் ஒரு நாள் 'புவன் ஷோம்' பார்த்தேன். கண்டிப்பான ஒரு ரயில்வே அதிகாரி, குஜராத் பக்கம் பறவை சுடப் போகிறார். அங்கே ஒரு கிராமத்துப் பெண் வழிகாட்டுகிறாள். அவ்வளவுதான் கதை. அந்த மனுஷர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் ஆபீஸில் தனியே உட்கார்ந்து கும்மாளம் போடும்போது எனக்கு என்னவோ செய்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் துரோகி என்றிருப்பார்.

நடுவர் குழுக்களின் ரசனை 1955-ல் 'பதேர் பாஞ்சாலி' தங்கப் பதக்கம் வாங்கியதிலிருந்தே திரும்பிவிட்டது என்பது என் எண்ணம். அடக்கி நடிப்பதுதான் நடிப்பு என்ற பக்கம் தராசு சாய்ந்தது. சிவாஜியோ பாய்ஸ் கம்பெனி மேடையில் வளர்ந்தவர். கடைசிப் பெஞ்சில் இருக்கிற கிழவிக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும் என்று பழகிய உடம்பு அது. அவர் கலையில் பாதி, தமிழை உச்சரிக்கிற விதத்தில் இருக்கிறது. அடியில் ஓடுகிற ஆங்கில எழுத்தைப் படிப்பவருக்கு அந்தப் பாதி போய்ச் சேராது.

இந்த இடத்தில் நானே எனக்கு ஓர் ஆட்சேபம் எழுப்பிக்கொள்ள வேண்டும். 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் கட்டபொம்மனுக்காக அவருக்குச் சிறந்த நடிகர் பரிசு கொடுத்தார்களே, அந்த நடுவர்களுக்குத் தமிழ் தெரியுமா? தெரியாது. ஆக, பாஷைதான் தடை என்று நான் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. எகிப்துக்காரர்களுக்குப் புரிந்தது டெல்லியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று அப்பா கேட்டிருப்பார். கேட்டால் என்னிடம் வாயடைப்புத்தான்.

'ரிக்‌ஷாக்காரன்' விஷயம். 1971 மார்ச் தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கூட்டணி. எம்.ஜி.ஆர். அப்போது தி.மு.க.வின் பெரிய முகம். விருது வந்ததும், இது கூட்டணிக்குக் கிடைத்த பரிசு என்று ஊரெல்லாம் பேச்சு. நானும் அதையே வகுப்பில் அச்சடித்த உண்மை மாதிரி சொன்னேன். அது தப்பு. கூட்டணி இருந்தது, விருதும் கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் ஓர் அம்புக்குறி போட்டவன் நான். பரீட்சைத் தாளில் நீங்கள் இப்படி எழுதியிருந்தால் அரை மார்க் குறைத்திருப்பேன். 'எங்க வீட்டுப் பிள்ளை'யையும் 'அன்பே வா'வையும் ரசித்தவன் என்ற முறையில் மட்டும் ஒன்று சொல்கிறேன்: 'ரிக்‌ஷாக்காரன்' அவருடைய சிறந்த நடிப்பு இல்லை. எம்.ஜி.ஆர். ரசிகர்கள் கமெண்டில் வந்து திட்டலாம், தடையில்லை.

அப்படியென்றால் சிவாஜிக்கு அநியாயமே நடக்கவில்லையா சார் என்று கேட்பீர்கள். ஒரு இடம் இருக்கிறது. அங்கே மட்டும் என் மனசு ஆறவில்லை. 1985, 'முதல் மரியாதை'. ஆற்றங்கரையில், பரிசல்காரப் பெண்ணிடம், பாதிப் பேச்சை விழுங்கிவிட்டு நிற்கிற அந்த ஊர்ப் பெரிய மனுஷர். மிகை நடிப்பு என்று சொன்னவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்ட படம். அடக்கி நடிப்பதுதான் வேண்டும் என்றால், இதோ அதுவும் இருந்தது. சிறந்த தமிழ்ப் படம் விருது அதற்குக் கிடைத்தது. பாட்டு எழுதிய வைரமுத்துவுக்குக் கிடைத்தது. அந்த வருஷமே 'சிந்து பைரவி'க்காக சுஹாசினிக்கும் இளையராஜாவுக்கும் கிடைத்தது. ஆகவே தமிழ் என்பதால் ஒதுக்கினார்கள் என்று அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்லவே முடியாது. நடிகர் விருது மட்டும் 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்துக்காகச் சசி கபூருக்குப் போனது. சசி கபூர் நல்ல நடிகர்தான். இருந்தாலும்.

'முதல் மரியாதை'யை அப்பாவோடு சேர்ந்து பார்த்தேன். படம் முடிந்து வெளியே வந்ததும் வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கும் குடுக்க மாட்டான் பாரு" என்றார். விருதுப் பட்டியல் வந்தபோது அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அந்த ஒரு தடவை அவர் சொன்னது சரி. மற்ற தடவைகளில் அவர் தப்பு, அவரை நம்பி நான் தப்பு, என்னை நம்பி நீங்கள் தப்பு.

1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது சிவாஜிக்குக் கிடைத்தது. வாழ்நாள் சாதனைக்கு இந்த நாட்டில் சினிமாக்காரர்களுக்குக் கொடுக்கிற பெரிய மரியாதை அதுதான். அதைப் பார்க்க அப்பா இல்லை. 2001 ஜூலை 21-ல் நடிகர் திலகமும் போய்விட்டார்.

கணக்கு முழுசாக இருக்கட்டும் என்பதற்காக ஒன்று சேர்க்கிறேன். மொத்த இந்தியாவுக்கும் சிறந்த படம் என்ற முதல் பரிசைத் தமிழ் வாங்கியது மூன்றே தடவை. 1990-க்கு இந்திரா பார்த்தசாரதியின் கதையை சேதுமாதவன் எடுத்த 'மறுபக்கம்', 2007-க்குப் பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்', 2020-க்கு சுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று'. முதல் படத்துக்கே முப்பத்தேழு வருஷம் காத்திருந்தோம். மலையாளம் 1965-லேயே 'செம்மீ'னில் வாங்கிவிட்டது. இதற்கு டெல்லியைத் திட்டுவதா, நாம் எடுத்த படங்களைத் திட்டுவதா என்பதைக் கமெண்டில் அடித்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவருக்கு இதையெல்லாம் ராத்திரியே வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். ஏழு நிமிஷம் வந்தது. அவர் இப்போது திருப்பூரில் சொந்தமாகத் தொழில் செய்கிறார், பேரன் எடுக்கிற வயசு நெருங்குகிறது. காலையில் பதில் வந்திருந்தது.

"சரி சார், திருத்திக்கிறேன். குரூப்பிலயும் போட்டுடறேன். ஆனா முதல் மரியாதைக்குக் குடுத்திருக்கணும்ல சார்?"

"குடுத்திருக்கணும்பா" என்று எழுதி அனுப்பினேன்.